நுரைக்கும் சிறுநீர், சரியாக இருக்கும் கிரியாட்டினின்: கோட்டக்கல் பாதரச நோயாளிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு வந்த 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு மெம்பரனஸ் நெப்ரோபதி (சிறுநீரக வடிகட்டியின் சவ்வு கெட்டுப் புரதம் ஒழுகும் நோய்) இருப்பது தெரியவந்தது. பெரியவர்களுக்கே அதிகம் வரும் நோய் இது. அவளுடைய திசுவில் ‘நெல்-1’ என்ற புரதத்துக்கான சோதனையும் நேர்மறையாக இருந்தது. வழக்கமாகத் தேடும் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு அவளுடைய நெருங்கிய உறவினர் ஒருவருக்கும் அதே நோய், அதே புரதம். இருவரும் பொதுவாகப் பயன்படுத்தியது ஒரு சிவப்பழகு கிரீம். அடுத்து வந்த 29 வயது இளைஞரும் இரண்டு மாதமாக அதே மாதிரி கிரீம் பூசிக்கொண்டிருந்தார்.

அதன்பின் மருத்துவர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கே கண்டறியப்பட்ட மெம்பரனஸ் நெப்ரோபதி நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு, அதாவது 68 சதவீதத்தினருக்கு, நெல்-1 நேர்மறை. அந்தப் 15 பேரில் 13 பேர் நோய் தொடங்கும் முன் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் நாட்டு மருந்து சாப்பிட்டவர். மீதி ஒருவருக்கு மட்டும் காரணம் தெரியவில்லை.

செய்திகள் பாதரசம் கலந்த கிரீமைப் பிடித்துக்கொண்டன. நாம் கவனிக்க வேண்டியவர் நாட்டு மருந்து சாப்பிட்ட அந்தப் பதினான்காவது ஆளும்தான். முகத்தில் பூசியவருக்கும் வாயில் போட்டவருக்கும் ஒரே இடத்தில், ஒரே புரதத்தை ஒட்டி, ஒரே நோய் வந்திருக்கிறது. பாரம்பரிய மருந்துகளுக்கும் நெல்-1 நோய்க்கும் உள்ள தொடர்பைத் தென்னிந்திய நோயாளிகளை வைத்து 2022-இலேயே ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியிருந்தது. சிவப்பழகு கிரீம், செந்தூரம், மெழுகு எல்லாம் நோயாளியின் மனதில் வேறு வேறு பொருள்கள். சிறுநீரகத்துக்கு அவை ஒரே பாதரசம்.

என்ன தொந்தரவோடு வந்தார்கள்

பெரும்பாலும் அசதி, லேசான வீக்கம், சிறுநீரில் நுரை. உடம்பு முழுக்க ஊதிப்போய் வந்தவர்கள் மூன்றே பேர். ஆனால் எல்லோருடைய சிறுநீரிலும் புரதம் கூடுதலாக இருந்தது. ஒருவருக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஒருவருக்கும் குறையவில்லை.

இந்தக் கடைசி விவரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காலையில் கண்ணிமை தடித்திருக்கிறது, சாயங்காலம் கொலுசு இறுக்குகிறது என்று வருபவருக்கு யூரியா, கிரியாட்டினின் (ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவைக் காட்டும் சோதனைகள்) மட்டும் எழுதிக்கொடுத்தால் இரண்டும் அளவுக்குள் வரும். “கிட்னி நல்லாயிருக்கும்மா, அலர்ஜியா இருக்கும்” என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மெம்பரனஸ் நெப்ரோபதியில் முதலில் கெடுவது வடிகட்டியின் சல்லடை. கழிவை வெளியேற்றும் திறன் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், அப்படியே இருக்கும். ஓட்டை விழுந்த சல்லடை வழியே அல்புமின் என்ற ரத்தப் புரதம் போய்க்கொண்டே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது எந்தச் சிற்றூர் லேபிலும் கிடைக்கும் சிறுநீர்ப் பட்டைச் சோதனை. 3+ அல்லது 4+ வந்தால் அடுத்து சிறுநீர்ப் புரத–கிரியாட்டினின் விகிதம், ரத்த அல்புமின், கொழுப்பு. நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போய், ரத்த அல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இறங்கி, கொலஸ்ட்ரால் ஏறி, வீக்கமும் இருந்தால் அது நெப்ராட்டிக் சிண்ட்ரோம்.

பாதரசம் உள்ளே என்ன செய்கிறது

இரண்டு வழிகளில் கெடுக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் “இவ்வளவு கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்” என்ற கேள்விக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாமல் போகிறது.

முதல் வழி நேரடி நச்சு. கனிமப் பாதரசம் உடம்பில் எந்த உறுப்பையும்விடச் சிறுநீரகத்தில்தான் அதிகம் சேரும். கந்தகம் உள்ள புரதங்களோடு இறுக ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சிறுநீர் நுண்குழலின் தொடக்கப் பகுதியில் உள்ள செல்கள் அதை உறிஞ்சிச் சேர்த்துக்கொண்டு தாமே சாகின்றன. இது அளவைப் பொறுத்தது. சித்த நூல்கள் வீரம் என்று சொல்லும் மெர்க்குரிக் குளோரைடை ஒரே தடவையில் அதிகமாக விழுங்கினால் சிறுநீர் நின்று, டயாலிசிஸ் வரை போவது இப்படித்தான்.

இரண்டாவது வழி நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வழி. கோட்டக்கல்லில் நடந்தது இது. குளோமருலஸ் என்னும் வடிகட்டியின் வெளிப்பக்கம் நெல்-1 புரதமும் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் சேர்ந்து படிகின்றன. சல்லடை ஒழுகத் தொடங்குகிறது. பாதரசம் இதை எந்தப் படியில் தூண்டுகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. இதில் அளவும் விளைவும் நேர்விகிதத்தில் போவதில்லை. ஒரே வீட்டில் ஒரே டப்பாவைப் பயன்படுத்திய நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் வரலாம். “எங்க வீட்ல எல்லாரும்தான் சாப்பிட்டோம், அவளுக்கு மட்டும் எப்படி?” என்பதற்கு இதுவே விடை. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்த மருந்துக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இது புதிய செய்தியும் அல்ல. 1972-இல் நைரோபியிலிருந்து வெளிவந்த ஆய்வில், நெப்ராட்டிக் சிண்ட்ரோம் இருந்த 60 பேரில் 32 பேர் பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். நெல்-1 என்ற அடையாளம் 2020-இல்தான் கிடைத்தது. அதன்பிறகே பயாப்சிக் கண்ணாடியை (சிறுநீரகத்திலிருந்து எடுத்த திசுத் துணுக்கை) நுண்ணோக்கியில் பார்த்து “இவரிடம் பாதரசம் பற்றிக் கேளுங்கள்” என்று நோய்க்கூறியல் மருத்துவர் சொல்ல முடிகிறது.

பயாப்சியை எப்படிப் படிப்பது

பெரியவர்களுக்குக் காரணம் தெரியாமல் வரும் மெம்பரனஸ் நெப்ரோபதியில் ஏறக்குறைய 70 சதவீதம் பிஎல்ஏ2ஆர் என்ற புரதத்தை ஒட்டியது. அதற்கான ஆன்டிபாடியை ரத்தத்திலேயே பார்க்கலாம். அது நேர்மறையாக இருந்து, வடிகட்டும் திறனும் நன்றாக இருந்தால் இப்போது பயாப்சி இல்லாமலே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். எதிர்மறையாக வந்தால் பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது.

சாதாரண நுண்ணோக்கியில் இரண்டு வகையும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும்: தடித்த அடிச்சவ்வு, வெள்ளிச் சாயத்தில் படிவுகளுக்கு இடையே முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் சவ்வு. ஒளிரும் சாயத்தில்தான் வித்தியாசம். பிஎல்ஏ2ஆர் வகையில் ஐஜிஜி4 என்ற ஆன்டிபாடி வகை மேலோங்கும், நெல்-1 வகையில் ஐஜிஜி1. நெல்-1 வகையில் படிவு எல்லாச் சுவரிலும் சீராக இல்லாமல் சில பகுதிகளில் மட்டும் விட்டுவிட்டு இருப்பதும் உண்டு. கடைசியாக நெல்-1 சாயம். எல்லா லேபிலும் இது இல்லை. திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியைச் சாயம் போடும் மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

நெல்-1 வந்துவிட்டதாலேயே பாதரசம் என்று முடிவுகட்டவும் கூடாது. அமெரிக்காவில் தொகுத்த ஒரு பெரிய வரிசையில் நெல்-1 நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் இருந்தது. ஆகவே 50 வயதைத் தாண்டியவர், எடை குறைந்துகொண்டே வருபவர், புகைபிடிப்பவர் என்றால் வயதுக்கேற்ற புற்றுநோய்த் தேடலையும் கூடவே நடத்த வேண்டும். கால் எரிச்சலுக்கு என்று சர்க்கரை நோயாளிகள் வருடக்கணக்கில் விழுங்கும் சத்து மாத்திரைகளில் உள்ள லிபோயிக் அமிலமும் இதே நோயைத் தூண்டியது பதிவாகியிருக்கிறது. அதையும் கேட்டுவிடுங்கள்.

மருந்தின் பெயரில் உள்ளே போகும் உலோகம்

சித்த, ஆயுர்வேத மருந்துகள் எல்லாவற்றிலும் உலோகம் இல்லை. பெரும்பாலான சூரணங்களும் கஷாயங்களும் மூலிகைதான். பற்பம், செந்தூரம், சுண்ணம், மெழுகு, ரச மாத்திரை என்று வருபவற்றைத்தான் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றிலும் எந்த உலோகம், எந்த உப்பு என்பது முக்கியம். லிங்கம் பாதரச சல்பைடு. நீரில் கரையாது என்றே சொல்லலாம். பூரம் மெர்க்குரஸ் குளோரைடு. வீரம் மெர்க்குரிக் குளோரைடு. நன்றாகக் கரையும், கொல்லும். தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் சல்பைடுகள், வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக் ஆக்சைடு. ஓர் எச்சரிக்கை: ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்பது ஈயம், சித்தத்தில் நாக பற்பம் என்பது துத்தநாகம். பொட்டலத்தில் ‘நாக’ என்று பார்த்தவுடன் எந்த முறை மருந்து என்று கேட்காமல் சோதனை எழுதினால் தவறான உலோகத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

‘லிங்கம் கரையாது, அதனால் பாதுகாப்பு’ என்ற வாதத்தை எண்ணால் சோதித்துப் பார்க்கலாம். பாதரச சல்பைடின் எடையில் 86 சதவீதம் பாதரசம். ஒரு குன்றி எடை 130 மில்லிகிராம். முழுவதும் லிங்கமாகவே உள்ள ஒரு மருந்தை நாளைக்கு ஒரு குன்றி எடுத்தால் உள்ளே போகும் பாதரசம் சுமார் 112 மில்லிகிராம். குடல் உறிஞ்சுவது 0.2 சதவீதம் என்று கொண்டாலும் தினம் 224 மைக்ரோகிராம் ரத்தத்தில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு கனிமப் பாதரசத்துக்கு வைத்த வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 4 மைக்ரோகிராம். 60 கிலோ உள்ளவருக்கு வாரத்துக்கு 240. அதுவும் வாய்வழியே போகும் மொத்த அளவுக்கான வரம்பு. ஒரு வார வரம்பை ஒரே நாளின் உறிஞ்சல் ஏறக்குறைய தொட்டுவிடுகிறது. ஒரு மண்டலம் (48 நாள்) முடிவதற்குள் 5 கிராமுக்கு மேல் பாதரசம் குடல் வழியே போயிருக்கும்.

இது சரியாகச் செய்த மருந்துக்கான கணக்கு. மூலப்பொருளைத் தூய்மை செய்யும் சுத்தியிலும் தீயில் வேகவைக்கும் புடத்திலும் குறை வைத்தால் சல்பைடாக மாறாத பாதரசம் மிஞ்சும். அதன் நடத்தை வேறு.

சட்டம் இதை மறைக்கவில்லை. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் இ(1) அட்டவணை, பாதரசம், ஆர்சனிக், ஈயச் சேர்மங்கள் உட்பட நச்சுப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவை சேர்ந்த மருந்தின் மேலட்டையில் மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். மூலிகை மட்டுமே உள்ள மருந்துக்கு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு) என்று வரம்பு உண்டு. உலோகத்தையே மூலப்பொருளாகக் கொண்ட மருந்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்த 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் 20.7 சதவீதத்தில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகம் சேர்த்துச் செய்யும் ரச சாஸ்திர வகையில் 40.6 சதவீதம், மற்றவற்றில் 17.1. மூலிகை என்று நம்பி வாங்கியதிலும் ஆறில் ஒன்றில் உலோகம் என்பதுதான் இதில் கவலை தருவது. மேலட்டையே இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் பொடிக்கு இந்த விதிகள் எதுவும் எட்டுவதில்லை.

கேட்கும் விதம்

“நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் “இல்ல டாக்டர்” என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. திட்டுவாரோ என்ற பயம் பாதி. அது மருந்துக் கணக்கிலேயே வராது என்ற எண்ணம் பாதி. வியாதியைச் சொல்லிக் கேட்க வேண்டும். “மூட்டுவலிக்கு, சர்க்கரைக்கு, மூலத்துக்கு, சோரியாசிஸுக்கு, குழந்தை நிக்கறதுக்குன்னு பொடி, லேகியம், தேன்ல குழைச்சுச் சாப்பிடுறது ஏதாவது உண்டாம்மா? முகத்துக்கு ராத்திரி பூசுற கிரீம்? பியூட்டி பார்லர்ல டப்பாவுல போட்டுக் குடுத்தது? வெளிநாட்ல இருந்து யாராவது கொண்டுவந்தது?” இப்படிக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் மகள் “அந்தச் செவப்புப் பொடிம்மா…” என்று ஆரம்பிப்பாள்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள எல்லாப் பொட்டலத்தையும் டப்பாவையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்ல வேண்டும். செங்கல் சிவப்பிலோ வெள்ளையாகவோ, கையளவுக்கு மீறிக் கனக்கும் மாவு போன்ற பொடி என்றால் சந்தேகம் வலுக்கும். கிரீமின் மேலட்டையில் கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரி என்று இருக்கிறதா பாருங்கள். ‘தங்கம், வெள்ளி, அலுமினியம் படாமல் வைக்கவும்’ என்று எழுதியிருந்தால் அதுவே பெரிய துப்பு. பாதரசம் அந்த உலோகங்களோடு சேர்ந்துவிடும் என்பதால் எழுதுவது. கிரீமை நிறுத்தியதும் முகம் பழையபடி கறுக்கிறது என்றால் அதுவும் பொருந்தும். மெலனின் உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைப் பாதரசம் முடக்குகிறது; விட்டவுடன் நொதி மறுபடி வேலை செய்கிறது. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசத் தொடங்குபவர்களுக்கு நோய் திரும்பலாம்.

அளந்து பார்ப்பதில் நடக்கும் தவறுகள்

கனிமப் பாதரசத்துக்குச் சிறுநீர்ச் சோதனைதான் சரி. ரத்தத்தில் மட்டும் பார்த்தால் மீன் குழப்பிவிடும். கடலோர மக்களின் ரத்தத்தில் மீன் வழியே வந்த மெத்தில் பாதரசம் ஓரளவு இருந்தே தீரும். சிறுநீரில் அது அதிகம் வருவதில்லை. ஆர்சனிக்கும் பார்க்கிறீர்கள் என்றால் நான்கைந்து நாள் மீன், இறால், நண்டு எதுவும் சாப்பிடாமல் சிறுநீர் எடுக்க வேண்டும். உலோகச் சோதனைக்கென்றே கழுவிய பிளாஸ்டிக் குடுவையை லேபிலேயே கேட்டு வாங்குங்கள். எம்ஆர்ஐ எடுக்க கடோலினியம் மருந்து ஏற்றியிருந்தால் நான்கு நாள் கழியட்டும். அளவைக் கிரியாட்டினின் விகிதத்தோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் அதிகம் குடித்தவருக்குக் குறைத்துக் காட்டும்.

பாதரசம் படாதவர்களுக்குச் சிறுநீரில் பொதுவாக லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருக்கும். பெரும்பாலோருக்கு 5-ஐக்கூடத் தொடாது. கனிமப் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்து அளந்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டை வைத்துப் பாதரசம் இல்லை என்று சொல்லக் கூடாது. பொட்டலத்தைச் சோதிப்பதே அப்போது உறுதியான சான்று. நச்சு முறிப்பான் கொடுத்துவிட்டுச் சிறுநீரை அளக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படி வரும் எண்ணை ஒப்பிட எந்த அளவுகோலும் கிடையாது. யாருக்கு எடுத்தாலும் உயர்ந்துதான் வரும்.

சிகிச்சை

முதல் மருந்து நிறுத்துவது. கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலோர் கிரீமை விட்டதும் தேறினார்கள். பாதரசம் என்று தெரியாமல் போயிருந்தால் இவர்களில் பலர் ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப் என்று எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளுக்குப் போயிருக்க வேண்டியவர்கள். கிரீம் பூசுபவர்களில் இளம் பெண்களும் இளைஞர்களும் அதிகம். சைக்ளோபாஸ்பமைடு சினைப்பையையும் விந்தையும் பாதிக்கும் மருந்து. அதைத் தொடங்குமுன் ஒரு டப்பாவைப் பற்றிக் கேட்காமல் விடுவது மன்னிக்க முடியாத விடுபடல்.

நிறுத்தியதோடு துணை சிகிச்சையும் வேண்டும். புரதக் கசிவைக் குறைக்க டெல்மிசார்ட்டான் அல்லது ராமிப்ரில் வகையில் ஒன்று, ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் தாங்கும் அளவுக்கு. இந்த இரண்டு வகையும் கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எழுத வேண்டும். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தாமல் இந்தக் கணக்கு வராது. கொழுப்புக்கு ஸ்டாட்டின். அல்புமின் 2.5-க்குக் கீழே இறங்கினால் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. ரத்தக்கசிவு வாய்ப்பைச் சீர்தூக்கி உறைவு தடுப்பு மருந்தை முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொகுப்பில் மூளைச் சிரை அடைத்த நோயாளியை நினைவில் வையுங்கள்: கடும் தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சிரைப்பு ஆகியவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய அறிகுறிகள் என்று வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

டிஎம்எஸ்ஏ போன்ற நச்சு முறிப்பான்களை எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை. கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் போன்ற நரம்பு அறிகுறிகளும் மிக உயர்ந்த அளவும் இருந்தால் நச்சியல் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். டி-பெனிசிலமைனை இங்கே தவிர்ப்பதே நல்லது. மெம்பரனஸ் நெப்ரோபதியை உண்டாக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

மாதம் ஒரு முறை புரத விகிதமும் அல்புமினும் பார்த்துவர வேண்டும். புரதம் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டாவது மாதத்தில் பாதியாகக் குறையவில்லை என்று பதறி வலுவான மருந்துக்குத் தாவ வேண்டியதில்லை. கோடு கீழ்நோக்கிப் போகிறதா என்று பார்த்தால் போதும். கிரியாட்டினின் ஏறத் தொடங்கினாலோ, ரத்தம் உறைந்தாலோ, ஆறு மாதமாகியும் புரதம் அசையாமல் நின்றாலோ எதிர்ப்பாற்றல் குறைக்கும் சிகிச்சையைப் பேசலாம். இறங்கிய புரதம் திடீரென்று ஏறினால் முதலில் கேட்க வேண்டியது: “மறுபடி பூசினீங்களா? மறுபடி சாப்பிட்டீங்களா?”

ஈயம் வேறு மாதிரி. நாக பஸ்மம் எடுத்தவருக்குச் சிறுநீரில் புரதம் கொட்டாது. வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், காரணம் புரியாத ரத்தசோகை என்று குடல் மருத்துவரிடம்தான் முதலில் போவார். ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருடக்கணக்கில் போனால் நுண்குழல்களைச் சுற்றித் தழும்பு விழுந்து, ரத்தக்கொதிப்பும் கௌட் என்ற மூட்டுவலியும் சேர்ந்து, கிரியாட்டினின் சத்தமில்லாமல் ஏறும். பாதரச நோய்போல இது மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடாது.

வீட்டில் மிஞ்சியது

கிரீம் பூசியவரின் தலையணை உறை, துண்டு, அவர் தூக்கிக் கொஞ்சும் குழந்தை எல்லாவற்றிலும் பாதரசம் ஒட்டுகிறது. வீட்டில் உள்ள அனைவருக்கும் சிறுநீர்ப் புரதம் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிக்கும் சிறுநீர்ப் பாதரசமும். உறைகளையும் துண்டுகளையும் தனியாகத் துவைக்க வேண்டும், பழையதென்றால் கழித்துவிடலாம். மிஞ்சிய டப்பாவையோ பொட்டலத்தையோ குப்பையில் வீசவோ, கழிவறையில் கொட்டவோ, அடுப்பில் எரிக்கவோ கூடாது. எரித்தால் பாதரசம் ஆவியாகி வீட்டில் உள்ளவர் எல்லோருடைய நுரையீரலுக்கும் போகும். இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி, பெயரும் தேதியும் எழுதி, பகுப்பாய்வுக்காக மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கொடுக்கலாம். கேரளத்தில் அந்தத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பேசலாம். மருத்துவர் கடிதம் தேவையில்லை.